முன்தகட்டை யாரும் துளைக்கவில்லை, அப்புறம் ஏன் கிங் டைகர் தேறவில்லை?

#1 கேமர்கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசகன் மட்டும்தான். இன்றுதான் முதல் இழை தொடங்குகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி கேமில் கிங் டைகர், அதாவது இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் கனரக டாங்கி, ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு ஐஎஸ்-2, சோவியத் கனரக டாங்கி, 122 மி.மீ. பீரங்கியோடு. நேருக்கு நேர் ஆறு குண்டு வாங்கினேன், ஆறும் முன்தகட்டில் பட்டுத் தெறித்துவிட்டன. நிஜத்திலும் இப்படியா என்று சந்தேகம் வந்து படிக்க உட்கார்ந்தேன். முன்பக்கச் சரிவுத் தகடு 150 மி.மீ., செங்குத்திலிருந்து 50 டிகிரி சாய்வு. போரில் யாராவது அதைத் துளைத்ததற்கு உருப்படியான ஒரு புகைப்படம்கூட இல்லை என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். சரி. ஆனால் 1944 இல் சோவியத்காரர்கள் கைப்பற்றிய வண்டியைத் தங்கள் குபிங்கா சோதனை மைதானத்தில் நிறுத்திச் சுட்டுப் பார்த்த அறிக்கையில், மூன்று நாலு குண்டு பட்டாலே வண்டி இனி உதவாது என்ற நிலைக்குப் போனதாக இருக்கிறது.

இரண்டு கேள்வி. அவ்வளவு பெரிய குண்டு மோதினால் ஒரு தகடு எப்படித்தான் தாங்குகிறது? தாங்கியது என்றால் வண்டி ஏன் போனது?

#2 பழையசோறு

கேமில் பாதி வழியில் கியர் பெட்டி போகாது, பெட்ரோலும் தீராது. அதனால்தான் நீங்கள் ஜெயிக்கிறீர்கள் தம்பி.

#3 பட்டறைமுருகு

நான் டாங்கி நிபுணன் இல்லை. அம்பத்தூர்ப் பக்கம் ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம். இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பீரங்கி விஷயத்தில் தப்பு இருந்தால் மற்றவர்கள் திருத்துங்கள்.

முதலில் கணக்கு. ஐஎஸ்-2 சுடும் கவசத்துளைப்புக் குண்டு 25 கிலோ. குழலை விட்டு வெளியே வரும்போது வேகம் விநாடிக்கு 790 மீட்டர் சுமார். பெருக்கிப் பார்த்தால் 78 லட்சம் ஜூல். இருபது டன் ஏற்றிய லாரி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடித்தால் எவ்வளவோ அவ்வளவு. லாரிக்கு அகலமான முகம் இருக்கிறது, இதற்கு ஒரு சிடி தட்டு அகலம்தான். கிங் டைகருக்கு முந்தைய டைகர்-1 இன் 88 மி.மீ. குண்டு 10 கிலோ சொச்சம், அதன் சக்தி 30 லட்சம் ஜூல்தான். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இவ்வளவு இடித்தாலும் வண்டி பின்னால் எகிறிப் போகாது. 68 டன் வண்டி. அந்தக் குண்டு முழுசாக அதில் நின்றுவிட்டால்கூட விநாடிக்கு ஓர் அடி வேகத்தில் நகர்த்தும், அவ்வளவுதான். ஆக, சக்தி முழுவதும் மோதிய இடத்திலேயே செலவாகியாக வேண்டும். நல்ல தகடு என்ன செய்யும் என்றால், இளகும். ஆமாம், 150 மி.மீ. எஃகு அந்த நொடியில் பிசைந்த மாவு மாதிரி ஒதுங்கி, குழி விழுந்து, குழியைச் சுற்றி உதடு கட்டும். அப்படி ஒதுங்க ஒதுங்கக் குண்டின் சக்தி கரைகிறது. இன்னொரு பக்கம் தகடு போதுமான கடினத்தோடு இருந்தால் குண்டின் மூக்கு நசுங்கும், சில சமயம் குண்டே உடையும். உடைந்த குண்டு துளைக்காது.

ஆகத் தகட்டிடம் இரண்டு குணத்தைக் கேட்கிறோம். கடினமாகவும் இரு, நொறுங்காமலும் இரு. இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காத மாமியார் மருமகள். திருப்பாச்சேத்தி அரிவாள் அடிக்கிறவரைக் கேளுங்கள், வாய்க்கு மட்டும் தோய்ச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) கொடுப்பார், முதுகை விட்டுவிடுவார். முதுகுக்கும் கொடுத்தால் முதல் வெட்டிலேயே இரண்டு துண்டு. பேன்சர் மூன்று, நான்கு வண்டிகளின் முன்தகட்டில் ஜெர்மானியர் இதே வேலையைச் செய்தார்கள்: வெளிமுகம் மட்டும் கடினம், உள்ளே இளக்கம். டைகரில் அதை விட்டுவிட்டு உருட்டிய தகட்டை முழுக்க ஒரே பதத்தில் போட்டார்கள். பதம் சரியாக விழுந்தவரை அதுவும் நல்ல வழிதான். விழாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கார்த்தியின் இரண்டாவது கேள்வி. ராத்திரி எழுதுகிறேன், இப்போது உலை பார்க்கப் போக வேண்டும்.

#4 நேர்கோடு

எதற்கு இவ்வளவு நீளம்? 150 ஐ கோசைன் 50 ஆல் வகுத்தால் 233 மி.மீ. 122 மி.மீ. குண்டு 233 ஐத் துளைக்காது. முடிந்தது.

#5 குபிங்காகுமார்

முடியவில்லை நேர்கோடு. பள்ளிக்கூடக் கோசைன் தகடு எவ்வளவு நீளம் குறுக்கே கிடக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். சாய்ந்த தகட்டில் பட்ட குண்டு நேரே போகாது, மூக்கு மேல்பக்கம் திரும்பும், வழுக்கப் பார்க்கும், பக்கவாட்டு விசையில் உடம்பு முறியும். அதனால் சின்னக் குண்டுக்குச் சாய்வான தகடு கோசைன் சொல்வதைவிடக் கடினமாகவே இருக்கும். சோவியத் டாங்கி டி-34 இன் 45 மி.மீ. தகடு 60 டிகிரியில் கணக்குப்படி 90 தான், ஆனால் 1941 இல் வந்த 37 மி.மீ. குண்டுகளுக்கு அது 90 ஐவிட மோசமான சுவர்.

பெரிய குண்டு வந்தால் கதை தலைகீழ். குண்டின் விட்டம் தகட்டின் தடிமனைத் தாண்டிவிட்டால் சாய்வின் லாபம் கரையத் தொடங்கும். ஜெர்மன் டாங்கி பேந்தரின் முன்தகடு 80 மி.மீ., 55 டிகிரி. கோசைன்படி 139. ஆனால் 122 மி.மீ. குண்டுக்கு அந்த 80 மி.மீ. தகடு சன்னம். குண்டு திரும்புவதற்குள் அடியில் இருக்கும் தகடே உள்ளே அமுங்கி உடைந்துவிடும். பலகையை ஆணியால் குத்துவதற்கும் சம்மட்டியால் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

கிங் டைகரில் 150 ஐவிட 122 சிறியது. அதனால் அங்கே சாய்வு இன்னும் தன் வேலையைச் செய்கிறது. கார்த்தியின் ஆறு குண்டும் தெறித்ததில் ஆச்சரியம் இல்லை.

மூக்கின் வடிவமும் முக்கியம். 122 க்கு ஆரம்பத்தில் வந்தது கூர்மூக்குக் குண்டு. கேட்கும்போது கூர்மைதான் நல்லது என்று தோன்றும், ஆனால் சாய்ந்த தகட்டில் கூர்மூக்கு வழுக்கும். பிறகு மொட்டைமூக்கு வைத்து, காற்றைக் கிழிக்க மேலே மெல்லிய தொப்பி மாட்டிய குண்டைக் கொண்டுவந்தார்கள். மொட்டை விளிம்பு தகட்டைக் கவ்விப் பிடித்து உள்ளே திரும்பும். போர் முடியும் தறுவாயில்தான் அது பரவலாகக் கைக்கு வந்தது.

#6 யாழ்வாசி

ஒரு சின்ன இடைச்செருகல். நீங்கள் டாங்கி என்கிறீர்கள், எங்கள் ஊரில் அது தாங்கி. குண்டை எறிகணை என்போம். இந்த இழையை வாசிக்கும்போதுதான் உறைத்தது, தாங்குவதால் தாங்கி என்று யாரோ தெரிந்தே வைத்த மாதிரி இருக்கிறது.

#7 பழையசோறு

தாங்காத தாங்கியை என்னவென்று சொல்வீர்கள்?

#8 யாழ்வாசி

பழைய இரும்பு.

#9 குபிங்காகுமார்

சரி, குபிங்காவுக்கு வருவோம். முதலில் வண்டி எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும், அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

1944 ஆகஸ்ட், போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் சாண்டோமியேஷ் பாலமுகம், அதாவது ஆற்றைக் கடந்து சோவியத் படை பிடித்து வைத்திருந்த இடம். அங்கே ஓக்லென்டுவ் கிராமத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் 501 வது கனரக பட்டாலியனின் கிங் டைகர்கள் ஒரு தாழ்வான வழியாக வரிசையாக வந்தன. அலெக்சாண்டர் ஓஸ்கின் என்ற இளம் சோவியத் அதிகாரி ஒரு டி-34-85 ஐ மறைவில் நிறுத்தியிருந்தார். அவர் முன்தகட்டைப் பார்க்கவே இல்லை. விலாவைக் காட்டும் வரை காத்திருந்து, கிட்டத்திலிருந்து 85 மி.மீ. பீரங்கியால் பக்கவாட்டில் அடித்தார். மூன்று வண்டிகள் போயின. கிங் டைகரின் பக்கத் தகடு 80 மி.மீ. தான். ஓஸ்கினுக்கு சோவியத் யூனியனின் வீரர் பட்டம் கிடைத்தது. அந்தச் சண்டைகளில் சிக்கிய வண்டிகள்தான் குபிங்கா போயின. அதில் 502 என்ற எண் போட்ட வண்டியை ஓட்டும் நிலையில் பிடித்தார்கள், அது இன்றும் அங்கே காட்சியில் நிற்கிறது.

சுட்டுப் பார்த்ததில் என்ன கண்டார்கள்? 85 மி.மீ. 300 மீட்டரிலும் முன் உடலை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் 100, 122, 152 மி.மீ. பீரங்கிகள் 500 முதல் 1000 மீட்டர் தூரத்தில் மூன்று நாலு முறை அடித்தபோது தகட்டில் விரிசல், உள்பக்கம் சில்லு பெயர்தல், வெல்டிங் தையல் கிழிதல். தகடுகள் சேரும் விளிம்பில் பட்டால் 500, 600 மீட்டரில் 100 உம் 122 உம் உள்ளேயே போய்விட்டன. கோபுரத்தின் முன்தகடு 180 மி.மீ., ஆனால் சாய்வு ரொம்பக் குறைவு. அதை 1000 முதல் 1500 மீட்டரில் துளைத்தார்கள். முன்தகடு துளைபடாத அடியிலும் டிரான்ஸ்மிஷன் போனது.

அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள். ஜெர்மன் வண்டிகளில் எஞ்சின் பின்னால், கியர் பெட்டி முன்னால், அதே தகட்டுக்கு நேர் பின்னால். தகடு தாங்கிய அதிர்ச்சியை அடுத்து வாங்குவது அதுதான்.

#10 நேர்கோடு

சோவியத் அறிக்கை, சோவியத் பீரங்கி, எதிரியின் வண்டி. வேறென்ன எழுதுவார்கள்? அதுவும் ஒரே வண்டியை நாள் முழுக்கச் சுட்டால் பத்தாவது குண்டுக்கு எந்தத் தகடும் விரியும்.

#11 குபிங்காகுமார்

இரண்டாவது வாதம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஏற்கனவே விரிந்த தகட்டில் பட்ட அடியைப் புதுத் தகட்டின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் ஒற்றை அடியிலேயே விரிசலும் சில்லும் வந்தது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அறிக்கை தங்கள் பீரங்கிகளைத் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. தங்கள் 76 மி.மீ. பக்கத் தகட்டைக்கூடத் துளைக்கவில்லை என்றும், அமெரிக்க 76 மி.மீ. தங்கள் 85 ஐவிட ஒன்றரை, இரண்டு மடங்கு தூரத்தில் துளைக்கிறது என்றும் இருக்கிறது. பிரச்சாரத்துக்கு எழுதுகிறவன் இதை எழுத மாட்டான்.

அப்புறம், அதே 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் இசிஞி என்ற ஊரில் அமெரிக்கர்கள் மூன்று பேந்தர்களைச் சுட்டுப் பார்த்தார்கள். வண்டிக்கு வண்டி முன்தகட்டின் தரம் வேறு வேறாக இருந்தது. ஒன்று அடியை வாங்கிக்கொண்டது, இன்னொன்று விரிந்தது. அமெரிக்கர்களும் சோவியத் பிரச்சாரமா செய்தார்கள்?

#12 பட்டறைமுருகு

வந்துவிட்டேன். குமார் சொன்ன அறிக்கையில் எனக்குப் பிடித்த வரி வேறு. கிங் டைகரின் தகட்டை ஆய்வுக்கூடத்தில் கரைத்துப் பார்த்தபோது, எஃகில் கலக்கும் மாலிப்டினம் என்ற உலோகம் இல்லவே இல்லை. முந்தைய ஜெர்மன் வண்டிகளில் இருந்தது, படிப்படியாகக் குறைந்து வந்தது, இதில் சுத்தமாகக் காணோம். இந்த ஒரு வரியைப் படித்தாலே எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு வயிறு கலங்கும்.

ஏன் என்று சொல்கிறேன். தடித்த தகட்டைக் காய்ச்சித் தோய்க்கும்போது மேல்தோல் உடனே குளிரும், நடு இரும்பு நிதானமாகத்தான் குளிரும். 150 மி.மீ. என்றால் நடுப்பகுதி 75 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. மெதுவாகக் குளிர்ந்தால் வேண்டிய பதம் விழாது, வெளியே ஒரு இரும்பு, உள்ளே ஒரு இரும்பு. மாலிப்டினம் கொஞ்சம் சேர்த்தால் மெதுவாகக் குளிர்ந்தாலும் உள்ளே வரை பதம் இறங்கும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலை இன்னும் நுணுக்கம். தோய்த்த தகடு கண்ணாடி மாதிரி இருக்கும், அதை மறுபடி சூடாக்கி இளக்க வேண்டும், அதுதான் டெம்பரிங். இளக்கிய பிறகு தகடு 500 டிகிரி சுற்றுவட்டாரத்தை மெதுவாகக் கடந்து குளிர்ந்தால், எஃகில் இருக்கும் பாஸ்பரஸ் மாதிரியான அழுக்குகள், எஃகு எந்தச் சின்னச் சின்னக் குருணைகளால் ஆனதோ அவற்றின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடினம் அளந்தால் சரியாகவே காட்டும். அடி விழும்போதுதான் குருணை ஓரமாகப் பிளக்கும். அரை சதவீதம் மாலிப்டினம் இருந்தால் இந்த நோய் பெரும்பாலும் வராது. சின்ன உருப்படியை எண்ணெயில் போட்டு வேகமாகக் குளிர்வித்துத் தப்பிக்கலாம். 150 மி.மீ. தகட்டின் நடுவை எந்த எண்ணெயாலும் வேகமாகக் குளிர்விக்க முடியாது.

நானே பட்டிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளருக்குத் தடித்த ஷாஃப்ட் ஒரு லாட் செய்து அனுப்பினோம். ஹார்ட்னஸ் அத்தனையும் அளவுக்குள். ஒரு மாதத்தில் இரண்டு உடைந்து திரும்பி வந்தன. சண்டைக்கு நிற்காமல் உடைந்த முகத்தைப் பார்த்தேன். நல்ல எஃகு உடைந்தால் முகம் மங்கலாக, நார் நாராக, சாம்பல் நிறத்தில் இருக்கும். இது சர்க்கரையைக் கொட்டினது மாதிரி மினுமினுத்தது. விரலால் தடவினால் நறநற என்றது. வாடிக்கையாளர் செலவு மிச்சம் என்று மலிவான ரகத்தில் எடுத்துக் கொடுத்த எஃகு, அதில் மாலிப்டினம் கிடையாது. நாங்களும் கேட்காமல் உலையை அணைத்து உள்ளேயே ஆறவிட்டோம். தப்பில் பாதி எங்களுடையது.

ஜெர்மானியருக்கு இது தெரியாமல் இல்லை, கிடைக்கவில்லை. அவர்களுக்கு மாலிப்டினம் கொடுத்துக்கொண்டிருந்த முக்கியமான இடம் நார்வேயில் க்னாபென் சுரங்கம். 1943 மார்ச் 3 அன்று பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானங்கள் அதைத் தாக்கின, நவம்பரில் அமெரிக்கர்கள் மறுபடி குண்டு போட்டார்கள். 150 மி.மீ. தகட்டில் விழுந்த விரிசலுக்கு முதல் அடி அந்த மலையில் விழுந்தது என்றுகூடச் சொல்வேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

#13 தாமிரபரணி

முருகண்ணே, அருமை. எனக்கு ஒன்று புரியவில்லை. குண்டு உள்ளே வரவில்லை, பிறகு உள்பக்கம் சில்லு எப்படிப் பெயரும்?

#14 பட்டறைமுருகு

வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடித்திருக்கிறாயா தம்பி? ஆணி இரண்டு அங்குலம்தான் இறங்கியிருக்கும், பக்கத்து அறையில் பூச்சு பொத்தென்று விழும், வீட்டுக்காரர் வந்து நிற்பார். அதேதான். அடியின் அதிர்வு தகட்டுக்குள் ஓடி, மறுமுகத்தில் பட்டுத் திரும்பும்போது இழுவிசையாக மாறுகிறது. இரும்பு அமுக்குவதைத் தாங்கும், இழுப்பதை அவ்வளவு தாங்காது. இளக்கமான தகடு உள்பக்கம் புடைத்து நிற்கும். நொறுங்கும் தகடு தட்டுத் தட்டாகக் கழன்று, உள்ளே இருப்பவன் மேல் பறக்கும். துளையே இல்லாமல் ஆள் சாவான்.

சின்னக் குண்டு எத்தனை பட்டாலும் இது நடக்காது. 1943 பிப்ரவரியில் ரஷ்யாவின் தெற்கில் ஒரு டைகர்-1 வண்டி 227 டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிக் குண்டும், அதோடு பீரங்கி அடிகளும் வாங்கிக்கொண்டு, 60 கிலோமீட்டர் சொந்தமாகவே ஓடித் திரும்பியதாக ஜெர்மன் அறிக்கை இருக்கிறது. அதையும் 122 ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நூறு சுத்தியலடி வேறு, ஒரு சம்மட்டியடி வேறு.

#15 கேமர்கார்த்தி

அப்படியானால் வெடிகுண்டுகூட வேலை செய்யுமா? கவசத்துளைப்பே வேண்டாமா?

#16 குபிங்காகுமார்

செய்யும். 122 க்கு வெடிகுண்டும் 25 கிலோதான், அதில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் வெடிமருந்து. 152 மி.மீ. குண்டு 43 கிலோ சொச்சம். அந்த 152 ஐச் சுமந்த சோவியத் ஐஎஸ்யூ-152 வண்டிக்கு வேட்டைக்காரன் என்ற அர்த்தத்தில் பட்டப்பெயர் வந்ததே இதனால்தான். அது துளைத்துக் கொன்றதைவிட உலுக்கிக் கொன்றது அதிகம்.

ஆனால் ஐஎஸ்-2 ஐ ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். மொத்தமே 28 குண்டு. குண்டு தனி, மருந்துக் கூடு தனி, இரண்டையும் அடுத்தடுத்து அடைக்க வேண்டும், நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டால் பெரிது. அந்த இடைவெளியில் எதிராளி சும்மா இருக்க மாட்டான்.

#17 லண்டன்குருவி

தெற்கு இங்கிலாந்தில் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் டைகர் 131 ஐப் பார்த்திருக்கிறேன். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடித்தது. இந்த இழைக்குப் பொருத்தமாக, அதையும் யாரும் துளைக்கவில்லை. பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கியின் ஆறு பவுண்டர் குண்டு, அதாவது வெறும் 57 மி.மீ., பீரங்கிக் குழலின் அடியில் உரசிக் கீழே திரும்பி, கோபுரம் சுற்றும் வளையத்தில் போய்ச் செருகியது. கோபுரம் சுற்றவில்லை. வீரர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். குழலுக்கு அடியில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது, கரண்டியால் வெண்ணெய் எடுத்த மாதிரி வழவழப்பான பள்ளம். நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதில் என் மகள் சாக்லேட் கடைக்குப் போய்விட்டாள்.

#18 பழையசோறு

100 மி.மீ. கவசத்தை 57 மி.மீ. ஜெயித்த கதை. கேமில் இது நடந்தால் ரிப்போர்ட் அடிப்பார்கள்.

#19 முன்னாள்ஆவடி

நான் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் நம் அர்ஜுன் டாங்கியின் கவசத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். அந்தக் கவசத்துக்குக் காஞ்சன் என்ற பெயர் ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் இருக்கும் ஆய்வகத்தால் வந்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது.

பொதுவாக ஒன்று சொல்லலாம். இன்று வரும் குண்டு அம்பு மாதிரி நீளமான கம்பி, டங்ஸ்டன் மாதிரி கனமான உலோகம், விநாடிக்கு 1500 மீட்டருக்கு மேல் வேகம். அதற்குச் சாய்வு காட்டினால் கிங் டைகர் காலத்துக் குண்டு மாதிரி வழுக்காது, போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒற்றைத் தகட்டை விட்டுவிட்டு அடுக்கடுக்காக, எஃகும் பீங்கானும் மாறி மாறி வைக்கும் முறைக்கு உலகம் போனது. ஆனால் குமார் சொன்ன வெல்டிங் விஷயம் மட்டும் மாறவில்லை. கவசத் தகட்டைப் பற்றவைத்தால் தையலைவிட, தையலுக்கு ஒட்டிய விரற்கடை அகலம்தான் பயம். அங்கேதான் பதம் கெடும். ஜெர்மானியர் தகட்டோடு தகட்டைத் தச்சர் பலகை கோப்பது மாதிரி பல் வைத்துக் கோத்துப் பற்றவைத்தார்கள், பார்க்க அழகான வேலை. இரும்பு சரியில்லாதபோது அதுவும் காப்பாற்றவில்லை.

#20 நேர்கோடு

1965 போரில் கேம்கரணில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிக்கும் முன்தகடு நன்றாகத்தானே இருந்தது சார்?

#21 முன்னாள்ஆவடி

இருந்தது. அங்கே அசல் உத்தர் கிராமத்தில் நம் ஆட்கள் வயலில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கரும்புக்குள் காத்திருந்தார்கள். சேற்றில் சிக்கித் திரும்பிய பேட்டன் விலாவைக் காட்டியது, நம் செஞ்சூரியன் டாங்கி அடித்தது. குமார் எழுதிய ஓஸ்கின் கதையேதான். மீதியை வேறு இழையில் பேசலாம், இங்கே எழுதினால் நான் நிறுத்த மாட்டேன்.

#22 கேமர்கார்த்தி

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குக் கேமில் டி-34-85 எடுத்துக்கொண்டு புதரில் ஒளிந்திருந்தேன். ஒரு கிங் டைகர் விலாவைக் காட்டியது. பதற்றத்தில் கோபுரத்தில் சுட்டுவிட்டேன், திரும்பி என்னைத் தின்றுவிட்டது.

முருகண்ணே, அந்தச் சர்க்கரை மாதிரி உடைந்த முகம், நாராக உடைந்த முகம் இரண்டையும் படமாகப் போட முடியுமா?

#23 பட்டறைமுருகு

பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்று இன்னும் மேஜை மேல் பேப்பர் பறக்காமல் வைத்திருக்கிறது. நார் முகத்துக்குத்தான் நல்ல எஃகை உடைக்க வேண்டும், அது லேசில் உடையாது. சனிக்கிழமை உலை நிற்கும், பையன்களை வைத்து வாயில் ஒரு வெட்டுப் போட்டு அடித்துப் பார்க்கிறேன்.